சும்மா இருந்த கம்ப்யூட்டர்

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருந்தது. பரணைக் காலி செய்ய ஏறினேன். பித்தளை அண்டாவுக்குள் சுருட்டித் திணித்திருந்த துணி ஒன்று கையோடு வந்தது. உதறிப் பார்த்தால் தலையணை உறையும் இல்லை, மிக்ஸி உறையும் இல்லை. நீலத் திரைச்சீலைத் துணி. கீழ் ஓரம் முழுக்கச் சிவப்பு லேஸ். பின்பக்கம் ஒயர் போக வட்டமாக ஒரு துளை, அதைச் சுற்றிப் பிசிர் வராமல் கைத்தையல். அந்துருண்டை நெடியையும் மீறி எனக்கு ஒரு நொடி சூடான பிளாஸ்டிக் வாசனை அடித்தது.

"கம்ப்யூட்டர் சட்டைடி அது. தூக்கிப் போட்டுடாதே" என்றாள் அம்மா, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டே.

அந்தக் காலத்தில் திருக்கழுக்குன்றத்தில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்களுடையது அசெம்பிள்டு மெஷின். சென்னையில் படித்துக்கொண்டிருந்த அண்ணன், ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, போர்டு ஓரிடத்தில், டப்பா ஓரிடத்தில் என்று வாங்கிப் பூட்டியது. செலரான் சிப், 32 எம்.பி. ராம், 4.3 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். மானிட்டரைச் செங்கல்பட்டு வரை மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அங்கிருந்து பஸ்ஸில், டிரைவருக்குப் பக்கத்து பானெட்டின் மேல் அது உட்கார்ந்து வந்தது. கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழிக்கவில்லை என்பதை அண்ணன் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினோம். சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. காலேஜ் கம்ப்யூட்டர் லேபில் செருப்பை வெளியே விட்டுத்தான் நுழையவேண்டும். தூசி ஆகாது என்பார்கள். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து அம்மாவும் ஒரு சட்டம் போட்டாள். வேலை முடிந்தால் மெஷினுக்குச் சட்டை போட்டுவிடவேண்டும். அதற்காகவே தையல் மிஷினில் உட்கார்ந்து ஒரு மத்தியானத்தில் தைத்து முடித்த உறை அது.

அந்தச் சட்டத்துக்குச் சிக்கல் ஒரு ஃபிளாப்பியில் வந்தது. தீபாவளி லீவுக்கு வந்த அண்ணன் அதைச் செருகி எதையோ ஏற்றினான். "நாம யாரும் தொடாத நேரத்துல இது தானா வேலை செய்யும். வேற்றுக்கிரகத்துல யாராவது இருக்காங்களான்னு தேடும்" என்றான். அம்மா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1999 மே மாதம் தொடங்கிய திட்டம் அது. பெயர் செட்டி அட் ஹோம். டேவிட் கெடி என்பவருக்கு உதித்த யோசனை. டேவிட் ஆண்டர்சன், டான் வெர்திமர், எரிக் கோர்பெலா முதலானவர்கள் நடத்தினார்கள். சூப்பர் கம்ப்யூட்டர் வாங்க அவர்களிடம் பணம் இல்லை. உலகம் முழுக்க வீட்டு மேசைகளில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் பாதி நாள் ஸ்கிரீன் சேவரை ஓட்டிக்கொண்டு சும்மா கிடக்கின்றனவே, அந்தச் சும்மா இருக்கும் நேரத்தைக் கேட்டு வாங்கினால் என்ன என்று யோசித்தார்கள்.

போர்ட்டோ ரிக்கோ தீவில் அரெசிபோ என்ற இடத்தில், சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே இருந்த இயற்கைப் பள்ளத்தில் 305 மீட்டர் அகலத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி கட்டியிருந்தார்கள். வேறு விஞ்ஞானிகள் அதைத் தங்கள் வேலைக்கு எங்கே திருப்பினாலும், கூடவே ஒரு ஓரமாக இவர்களுடைய கருவியும் கேட்டுக்கொண்டிருக்கும். 1420 மெகாஹெர்ட்ஸ் என்பது ஹைட்ரஜன் அணு தானாகவே வெளியிடும் அலைவரிசை. பிரபஞ்சத்தில் யார் ரேடியோ கண்டுபிடித்திருந்தாலும் அவர்களுக்கு இது தெரிந்திருக்கும், பேச நினைத்தால் இதையொட்டித்தான் பேசுவார்கள் என்பது கணக்கு. அதைச் சுற்றிய 2.5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை 35 ஜி.பி. டேப்புகளில் பதிந்து பெர்க்லிக்குத் தபாலில் அனுப்புவார்கள். எங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க்கைப் போல எட்டு சேர்ந்தால் ஒரு டேப். அங்கே அதைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். ஒரு துண்டு 107 நொடி நீளம், ஏறக்குறைய 10 கிலோஹெர்ட்ஸ் அகலம், 340 கே.பி. அதுதான் ஒர்க் யூனிட். அப்படி ஒன்று இன்டர்நெட் வழியே திருக்கழுக்குன்றம் வந்து சேரும்.

வெறும் 107 நொடி. எங்கள் மெஷின் அதைச் சலிக்க ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். சத்தம் அனுப்புகிற கிரகமும் சுழலும், கேட்கிற பூமியும் சுழலும். அதனால் வரும் அலைவரிசை கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டே இருக்கும். எந்தப் பக்கம், எவ்வளவு நழுவும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே இப்படி நழுவியிருந்தால், அப்படி நழுவியிருந்தால் என்று ஆயிரக்கணக்கான விதமாக அதே 107 நொடியைத் திரும்பத் திரும்பக் கணக்குப் போடவேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. தொலைநோக்கி அசையாமல் நிற்கும்போது, பூமியின் சுழற்சியில் ஒரு நட்சத்திரம் அதன் பார்வையைக் கடந்து போகப் பன்னிரண்டு நொடி பிடிக்கும். வானத்திலிருந்தே வரும் சத்தமானால் அந்தப் பன்னிரண்டு நொடியில் மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, மெல்ல இறங்கவேண்டும். பக்கத்து விமான நிலையத்து ரேடார் அப்படி மரியாதையாக ஏறி இறங்காது.

இவ்வளவும் திரையில் ஓடும். மேலே இடப்பக்கம் கணக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற விவரம். வலப்பக்கம் எந்த நாளில், வானத்தின் எந்த மூலையில் பதிந்தது என்ற விவரம். கீழே பாதித் திரைக்கு நிறம் நிறமாக எழும்பும் ஊசி ஊசியான வரைபடம். ஆயா பாய் போட்டு அதற்கு எதிரே உட்கார்ந்துவிடுவாள். "எத்தினி மலைடி, கண்ணு கொள்ளல" என்பாள்.

அம்மாவுக்குத்தான் பொறுக்காது. அடுக்களை ஒழித்துவிட்டு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே உறையோடு வந்து நிற்பாள்.

"சும்மாதானே கெடக்குது, மூடிடறேன்."

"சும்மா இல்லம்மா, வேலை செய்யுது."

"யாரும் உக்காரலையேடி."

"யாரும் உக்காராதப்போதான் செய்யும்."

பதில் பேசாமல் உறையை மாட்டிவிட்டுப் போய்விடுவாள். உறைக்குள்ளே மெஷின் கொதிக்கும். நடுராத்திரி எழுந்து பார்த்தால் லேஸ் ஓரத்துக்குக் கீழே வண்ண வெளிச்சம் கசிந்துகொண்டிருக்கும். நான் போய்ச் சட்டையைக் கழற்றுவேன். விடியற்காலை அம்மா எழுந்து மறுபடி மாட்டுவாள். கடைசியில் அண்ணன் சமாதானம் செய்துவைத்தான். படம் காட்டாமல் திரையைக் கறுப்பாக விட்டாலும் கணக்கு நடக்கும். படம் வரைகிற நேரம் மிச்சமாவதால் இன்னும் வேகமாகவே நடக்கும். ஆகவே ராத்திரி மானிட்டரை அணைத்து அதற்கு மட்டும் சட்டை போடுவது, டப்பாவைத் திறந்து விடுவது என்று ஒப்பந்தம். அதில் நஷ்டம் ஆயாவுக்குத்தான். அவள் மலைகள் போயின.

ஆயாவுக்கு இந்தத் தேடல் புரிவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. வானத்தைப் பார்த்துக் காத்திருப்பது எங்கள் ஊருக்குப் பழகிய காரியம். தினமும் உச்சிவேளையில் மலைமேல் பாறையில் பண்டாரம் சர்க்கரைப் பொங்கலோடு உட்கார்ந்திருப்பார். எங்கிருந்தோ இரண்டு கழுகுகள் வந்து இறங்கும். வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம், இறக்கை ஓரம் கறுப்பு. பறவை ஆராய்ச்சிக்காரர்கள் மஞ்சள்முகப் பாறு என்பார்கள். ஆயா சம்பு, ஆதி என்பாள். சாபத்தால் கழுகானவர்கள், ஒவ்வொரு யுகத்துக்கும் ஒரு ஜோடி, இவர்கள் கலியுகத்து ஜோடி. காசியில் ஸ்நானம், இங்கே மதியச் சாப்பாடு, ராமேஸ்வரத்தில் தரிசனம், சிதம்பரத்தில் ராத்தங்கல் என்று அவற்றுக்கு ஒரு பயணத் திட்டம் உண்டு. வீட்டுக்கு வீடு வரிசை கொஞ்சம் மாறும். நான் சின்னப் பெண்ணாக ஆயா கையைப் பிடித்துக்கொண்டு ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறிப் போய்ப் பார்த்திருக்கிறேன். அலகு பொங்கலைக் கொத்தும்போது தட்டில் கேட்கிற டக்கென்ற சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மத்தியானம் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "இன்னிக்கு வந்துச்சா?"

தொண்ணூறுகளின் கடைசியில் கழுகுகள் வருவது நின்றுபோயிற்று. அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் ஒர்க் யூனிட் வந்தது. ஆயா காலையில் காபி டம்ளரோடு கம்ப்யூட்டர் பக்கம் வந்து அதே கேள்வியைக் கேட்பாள்: "வந்துச்சா?" இல்லை ஆயா என்பேன். "வரும், வரும்" என்று எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுத் தினத்தந்தியை எடுத்துக்கொள்வாள்.

அப்பாவின் கேள்வி வேறு. அவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் ரீடிங் எடுக்க வருபவர் சுவரில் மாட்டிய வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போனதும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அட்டையையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்ப்பார். ஆனால் நிறுத்தச் சொன்னதில்லை. அணுமின் நிலையத்தில் கதிரியக்கம் அளக்கும் கவுண்டரோடு பழகியவர். ஒரு நாள் திரையில் அந்த ஊசிகளைப் பார்த்துவிட்டு அவராகவே விளக்கினார். "எதுவுமே இல்லாத எடத்துல வெச்சாலும் கவுண்டர் தட்டிக்கிட்டேதான் இருக்கும் கண்ணு. மண்ணுல இருந்து கொஞ்சம், வானத்துல இருந்து கொஞ்சம் வந்துக்கிட்டே இருக்கும். அது பேக்ரவுண்டு. அதுக்கு மேல எவ்வளவு வருதுன்னு பாக்கறதுதான் வேலை. இவனுங்களும் அதத்தான் செய்யறானுங்க." பாடப் புத்தகத்தில் நான்கு பக்கம் படித்துப் புரியாதது எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

வேலை முடிந்த யூனிட்டைத் திருப்பி அனுப்பி, புதியதை வாங்க டயல்-அப் போடவேண்டும். மோடம் கீச்சிட்டு, கரகரத்து, ஒருவழியாக அடங்கும்போது வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வரும். நாலைந்து நிமிஷ வேலைதான். அந்த நேரம் பார்த்துத்தான் தாம்பரம் அத்தை போன் போடுவாள். எப்போதும் என்கேஜ்டு. "உங்க வீட்டுல அப்படி யாருகிட்டடா பேசறீங்க?" என்று அப்பாவிடம் சண்டைக்கு வந்தாள். உண்மையைச் சொன்னால் நம்பமாட்டாள் என்று அப்பா, "பொண்ணுக்குப் படிப்பு" என்று சமாளித்தார்.

ஒரு ஐப்பசி அடைமழையில் மோடம் போயிற்று. டெலிபோன் ஒயர் வழியே மின்னல் இறங்கிவிட்டது. பிளக்கை அண்ணன் கழற்றி வைக்கச் சொல்லித்தான் இருந்தான்; யாருக்கு ஞாபகம்? மோடத்தைத் திறந்தால் உள்ளே ஒரு மூலை கரிந்து, பச்சைப் பலகை கறுத்திருந்தது. ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கள் வேதகிரீஸ்வரரை இந்திரன் இடியாக வந்து பூஜை செய்கிறான், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விமானத் துவாரம் வழியே மின்னல் இறங்கி லிங்கத்தைச் சுற்றிவிட்டுப் போகும் என்பது ஊர் நம்பிக்கை. "மலைக்குப் போறவன் வழியில நம்ம வீட்டுக்கும் வந்துட்டுப் போயிருக்கான்" என்றாள். அப்பா, "வந்தவன் ஆயிரத்து ஐந்நூறு ரூபா செலவு வெச்சிட்டான்" என்றார்.

புது மோடம் வரும்வரை முடிந்த கணக்கு அனுப்ப வழியில்லாமல் உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் தெரிந்தது, எல்லோருக்குமே அது பழக்கமாகிவிட்டிருந்தது என்று. அம்மாகூட ஒருமுறை, "அங்க அனுப்ப வேண்டியது அப்படியே நிக்குதே, தப்பா நெனச்சுக்க மாட்டாங்களா?" என்றாள்.

நூறு யூனிட் முடித்தவர்களுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. நம்மால் ஆனது இவ்வளவு என்று பெயரோடு திரையில் வரும், பிரின்ட் எடுத்துக்கொள்ளலாம். பஜாரில் ஜாப் டைப்பிங் கடையில் எடுத்து வந்தேன். அப்பா அதை வாங்கி இரண்டு முறை படித்தார். "நம்ம பேரு அவங்க நோட்டுல ஏறுது இல்ல? அப்ப இது மொய் மாதிரிதான்" என்றார். மலையில் ஒருகல் மண்டபத்துக்கு வந்துபோன சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள், முந்நூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிற மாதிரி தங்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைத்துப் போன ஊர் இது. பெயர் எங்காவது பதியவேண்டும் என்ற ஆசைக்கு ஊர், நாடு கிடையாது. அந்தச் சான்றிதழ் பல வருஷம் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கியது.

எங்களைப் போல 50 லட்சம் பேருக்கும் மேல் அந்த நோட்டில் பெயர் எழுதினார்கள். 2005 டிசம்பரில் பழைய மென்பொருளை நிறுத்திவிட்டு, பாயிங்க் என்ற புது ஏற்பாட்டுக்கு எல்லோரையும் மாறச் சொன்னார்கள். அதற்குள் எனக்குக் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போயாயிற்று. ஆயா இல்லை. அண்ணன் வெளிநாட்டில். கம்ப்யூட்டர் கனமான சாமானாக ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. சட்டை மட்டும் பரணுக்குப் போயிருக்கிறது.

கோயம்புத்தூரில் இருந்ததில் ஒரு லாபம். ஊட்டியில் முத்தோரைப் பக்கம் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் முன்னின்று கட்டியது, 1970 முதல் இயங்குகிறது. மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு, 30 மீட்டர் அகலத்துக்கு இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் மேல் தட்டு எதுவும் கிடையாது. ஒன்றை ஒட்டி ஒன்றாக 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள்தான் வானத்து அலையைத் திருப்பி அனுப்புகின்றன. அந்த இடத்தின் அட்சரேகை 11 டிகிரி. அதே 11 டிகிரி சரிவுள்ள மலையாகத் தேடிப் பிடித்ததால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே திசையில் மெல்லச் சுழற்றினால் போதும், நட்சத்திரத்தோடு கூடவே போகும். பிள்ளைகள் கேரட் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்தக் கம்பிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்படி ஒன்று கேட்ட சத்தத்தைத்தானே நாங்கள் ஹாலில் வைத்துச் சலித்தோம்!

2020 மார்ச் 31-ஆம் தேதியோடு செட்டி அட் ஹோம் புது யூனிட் அனுப்புவதை நிறுத்தியது. நாமெல்லாம் ஊரடங்கில் வீட்டுக்குள் முடங்கியிருந்த வாரம். கொரோனா கிருமியின் புரதம் எப்படி மடிகிறது என்று கணக்குப் போட, இதே பாணியில் நடக்கும் ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்துக்கு அப்போது உலகமே கம்ப்யூட்டரைத் திறந்து விட்டது. அந்த டிசம்பர் முதல் தேதி அரெசிபோவில் மேலே தொங்கிய 900 டன் மேடை அறுந்து, கீழே இருந்த தொலைநோக்கியின் மேல் விழுந்தது. அந்த வீடியோவை அண்ணன் எனக்கு அனுப்பினான். கீழே ஒரு வரிகூட எழுதவில்லை.

ஊரில் கழுகு வராததற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: கலி முற்றிவிட்டது, கோயிலில் குறை, கல்பாக்கத்துக் காற்று. அதே காலத்தில் நாடு முழுக்கப் பாறுகள் செத்துக்கொண்டிருந்தன. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் வலிமருந்து, அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 2004-இல் கண்டுபிடித்தார்கள். 2006-இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அதைக் கொடுக்கத் தடை வந்தது. வராதவற்றைப் பற்றியும் உட்கார்ந்து கணக்கெடுத்தால்தான் விஷயம் வெளியே வருகிறது.

பெர்க்லிக்காரர்களும் இருபது வருஷக் கணக்கை அப்படியே விட்டுவிடவில்லை. எங்களைப் போன்ற வீடுகளிலிருந்து போய்ச் சேர்ந்த சமிக்ஞைகள் சுமார் 1,200 கோடி. ரேடார், செயற்கைக்கோள், செல்போன் என்று நம்முடைய சத்தங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பத்து லட்சம் அளவுக்குக் கொண்டுவந்து, அதிலும் சலித்து நூறு பாக்கி வைத்திருக்கிறார்கள். அரெசிபோ இல்லாததால், சீனாவில் 500 மீட்டர் அகலத்தில் இருக்கும் ஃபாஸ்ட் தொலைநோக்கியை 2025 ஜூலை முதல் அந்த நூறு இடங்களின் பக்கம் திருப்பிப் பார்க்கிறார்கள். பெரிதாக ஏதும் கிடைக்கும் என்று அவர்களே எதிர்பார்க்கவில்லை. ஆனால் வானத்தின் இந்தப் பகுதியில், இந்த அலைவரிசையில், இவ்வளவு பலத்துக்கு மேல் யாரும் பேசவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். 1999-இல் யாராலும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

ஏணியிலிருந்து இறங்கி வந்து இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். இப்போது அவளிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. கரண்ட் பில் அதிலேயே வந்துவிடுகிறது. வெள்ளை அட்டை மாட்டிய ஆணி மட்டும் சுவரில் மிச்சம். எங்கள் ஊர்ச் சங்கு தீர்த்தக் குளத்தில் 2011-க்குப் பிறகு 2024 மார்ச்சில் சங்கு பிறந்தபோது, கூட்டத்தில் முட்டி மோதி எடுத்த வீடியோவை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

"அந்த நூறுல நம்ம வீட்டுக் கணக்கு இருக்குமாடி?"

"ஒரே துண்டை ரெண்டு மூணு பேருக்கு அனுப்புவாங்கம்மா. எல்லாருக்கும் ஒரே விடை வந்தாத்தான் எடுத்துப்பாங்க. அதனால நம்ம மெஷின் இல்லாட்டியும் வேற யாரோ ஒருத்தர் வீட்டுல அது நடந்திருக்கும்."

அம்மா அண்டாவைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள்.

"பௌர்ணமிக்கு நாம சுத்தலைன்னாலும்தான் மலையை ஊரு சுத்துது. அதுக்காகப் போகாம இருக்கோமா?"